ஒன்பதாம் மாடியில் ஒரு உரக்கூடை: ஐந்து பிள்ளைகளோடு 22 வாரங்கள்

எங்கள் வீடு மலேசியாவின் பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் பக்கம், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. மூன்று அறை, துணி காயப் போட ஒரு சின்ன பால்கனி, வாசலுக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான நடைபாதை. மண் என்று சொல்ல மூன்று பூந்தொட்டிதான். என் பிள்ளைகள் இருவர். பள்ளி விட்டதும் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரை என்னிடம் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், நான்காம் ஆண்டில் என் மகன், இரண்டாம் ஆண்டில் ஒரு பெண், முதலாம் ஆண்டில் அவள் தம்பி, அப்புறம் ஐந்து வயதில் என் மகள். ஐந்து பேருக்கும் மதியச் சாப்பாடு என் கையால்தான்.

சென்ற ஆகஸ்டு நடுவில் தொடங்கி இந்தப் பொங்கல் வரை இவர்களோடு வீட்டிலேயே செய்து பார்த்த சுற்றுச்சூழல் வேலைகளைப் பற்றியது இது. பிள்ளைகளை இப்படி ஏதாவது செய்ய வைப்பது எனக்குப் புதிதல்ல. பள்ளியில் பூமி நாள், சுற்றுச்சூழல் வாரம் என்று வரும்போதெல்லாம் போத்தலை வெட்டி, வண்ணம் பூசி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். படம் அனுப்பிய பிறகு அந்தப் போத்தல் என்ன ஆனது என்று நான் கவனித்ததே இல்லை. இந்த முறை அதைத்தான் கவனிக்க நினைத்தேன். எந்த வேலை பிள்ளைகளிடம் தங்குகிறது, எது வீட்டுக் குப்பையை உண்மையிலேயே குறைக்கிறது, இந்த இரண்டு கேள்விதான்.

அதற்கு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். எந்த வேலையாக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் நான் நினைவூட்டுவேன். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் திறக்க மாட்டேன். பிள்ளைகள் தாமாகச் செய்தால் அது தங்கியது, செய்யாவிட்டால் நின்றது. இந்த விதி இல்லாமல் செய்திருந்தால் எல்லாமே வெற்றி என்று நான் எழுதியிருப்பேன். ஏனென்றால் அம்மா பின்னாலேயே நின்றால் பிள்ளைகள் எதையும் செய்வார்கள்.

முதல் வாரம் எடை

பயணப்பெட்டியை எடை போடும் கைத்தராசு ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. குப்பைப் பையைக் கட்டியதும் அதில் மாட்டி எடை பார்ப்பது மூத்தவன் வேலை. ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதுவது என் மகன் வேலை. சாப்பாட்டுக் கழிவைத் தனி வாளியில் போட்டோம். ஏழு நாள் முடிவில் மொத்தம் 9.4 கிலோ. அதில் காய்கறித் தோல், கீரைத் தண்டு, மிஞ்சிய சோறு, பழத்தோல், தேயிலைச் சக்கை எல்லாம் சேர்ந்து 5.1 கிலோ.

பாதிக்கு மேல் சாப்பாடு என்பது பிள்ளைகளை விட எனக்குத்தான் அதிர்ச்சி. நான் பிளாஸ்டிக்தான் முதலிடம் என்று நினைத்திருந்தேன். நாடு முழுவதும் வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது என்று 2012-ல் எடுத்த கணக்கெடுப்பிலும் இதே கதைதான்: உணவுக் கழிவு 44.5 விழுக்காடு, பிளாஸ்டிக் 13.2, அணையாடை 12.1, காகிதம் 8.5. ஆனால் பிள்ளைகளுக்கு என்று நாம் தேர்ந்தெடுக்கும் வேலைகள் பெரும்பாலும் போத்தல், காகிதம், முட்டை அட்டை இவற்றைச் சுற்றியே இருக்கின்றன. கனமான பாதியை விட்டுவிட்டு லேசான பாதியோடு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ஆண்ட்டி, லோரி இதையெல்லாம் எங்க கொண்டுபோகும்?" என்று இரண்டாம் ஆண்டுக்காரி கேட்டாள். தீவுக் குப்பை பத்து மாவோங்கில் உள்ள இடைமாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் உள்ள பூலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அந்த இடம் தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது. அந்தப் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் சோற்றிலிருந்தும் தோலிலிருந்தும் மீத்தேன் வாயு வரும், அது எரியும் வாயு, பூமியைச் சூடாக்கும் வாயுவும்கூட என்று சொன்னேன். "நம்ம சோறா?" என்றான் அவள் தம்பி. அன்று அவன் தட்டில் சோறு மிஞ்சவில்லை. மறுநாள் வழக்கம்போல் மிஞ்சியது. பயமுறுத்திச் சொல்வதன் ஆயுள் ஒரு நாள்தான் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

நின்று போனவை

முதலில் கைவினை. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் போத்தலில் பென்சில் குவளை, முட்டை அட்டையில் பூ, பால் பெட்டியில் வீடு என்று 14 பொருள் செய்தார்கள். ஆசை ஆசையாகச் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் வீடு கூட்டும்போது அதில் பதினொன்று குப்பையில் போனது. வெறும் போத்தலாக இருந்திருந்தால் சனிக்கிழமைகளில் 'சூராட் கபார் லாமா' (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய சாமான் லோரிக்குக் கொடுத்திருக்கலாம். பசை, சாயம், மினுமினுப்புத் தூள் எல்லாம் ஒட்டிய போத்தலை அவர்கள் எடுக்க மாட்டார்கள். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருளை நாமே குப்பையாக்கிவிட்டோம். கைவேலைக்காகக் கைவேலை செய்யட்டும், அது நல்லதுதான். ஆனால் அதைச் சுற்றுச்சூழல் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

அடுத்தது பழத்தோல் நொதி. என்சைம் என்று சொன்னால் பினாங்கில் தெரியாதவர் குறைவு. வெல்லம் அல்லது பழுப்புச் சீனி ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். பலர் வீட்டில் சமையலறை மூலையில் இருக்கும். நாங்களும் அன்னாசித் தோலிலும் ஆரஞ்சுத் தோலிலும் மூன்று போத்தல் போட்டோம். இரண்டு பிளாஸ்டிக், ஒன்று கண்ணாடி. நொதிக்கும்போது கரியமில வாயு வரும், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். எனக்கு அது தெரியும். பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆனால் என் விதிப்படி மூன்றாவது வாரம் நான் நினைவூட்டவில்லை, அவர்களும் மறந்தார்கள். ஒரு வியாழக்கிழமை இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடிப் போத்தல் வெடித்தது. பகலில் வெடித்திருந்தால், பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. ஆபத்துள்ள எதையும் அந்த விதிக்குள் கொண்டுவந்திருக்கவே கூடாது. அது முழுக்க என் தவறு. இதைப் படிப்பவர்கள் நொதி போட்டால் தயவுசெய்து பிளாஸ்டிக் போத்தலில், மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியைப் பெரியவர்கள் பொறுப்பில் வைத்துப் போடுங்கள்.

மிச்ச இரண்டு போத்தலும் மூன்று மாதம் கழித்துத் தரை துடைக்கப் பயன்பட்டன. நல்ல புளித்த மணம், எண்ணெய்ப் பிசுக்கு ஓரளவு போனது. ஆறு சுத்தமாகும், காற்று சுத்தமாகும் என்று இதற்குச் சொல்லப்படும் பெரிய பெருமைகளை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அது காடி போன்ற ஒரு புளித்த நீர், அவ்வளவுதான். தவிர, ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதக் காத்திருப்பு மிக நீளம். போத்தல் திறந்த அன்று அதைப் போட்டது யார் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

தண்ணீர் அளக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாயில் பத்து லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று அளந்து, ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று சுவரில் ஒட்டினோம். பினாங்குக்குத் தண்ணீரில் பெரும்பங்கு கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்துதான் வருகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தார்கள். பத்து நாளில் சுவர்த்தாள் கிழிந்தது, யாரும் புதிதாக ஒட்டவில்லை. ஆனால் அரிசி களைந்த தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அன்று எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு புரிந்தது: ஊற்றாவிட்டால் கருவேப்பிலை வாடும். சுவர்த்தாள் கிழிந்தால் எதுவும் வாடாது.

சங்குப்பூ

இது ஒரே ஒரு மழைப் பிற்பகல். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை எப்படி இருக்கும் என்று தெரியும், பிள்ளைகளைக் கீழே விட முடியாது. புலுட் தாய் தாய் பலகாரத்துக்கு நீலம் கொடுக்கும் அதே சங்குப்பூ, காய வைத்தது ஒரு கைப்பிடி இருந்தது. வெந்நீரில் போட்டதும் அடர்ந்த நீலம் இறங்கியது. ஐந்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். ஒன்றில் கஸ்தூரி எலுமிச்சையை என் மகள் பிழிந்தாள். முதல் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஊதா ஒரு வளையமாக விரிந்து, கரண்டியால் கலக்கியதும் கிண்ணம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், எதையோ உடைத்துவிட்டதுபோல. அடுத்த கிண்ணத்தில் சமையல் சோடா போட்டபோது பச்சையாக மாறியது.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த எதுவும் தப்பவில்லை. குழாய்த் தண்ணீர், பால்கனியில் பிடித்த மழைத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், புளித்தண்ணீர், எங்கள் நொதி. நொதி எலுமிச்சையைப் போலவே சிவந்தது. "அப்ப இதுவும் எலுமிச்சை மாதிரி புளிப்பு" என்று மூத்தவன் தானாகச் சொன்னான். குப்பை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனாலும் இந்தப் பிற்பகலை வீண் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பார்த்துச் சொல்வது என்ற பழக்கம் அன்றுதான் வந்தது. கூடையில் சிக்கல் வந்தபோது அது கைகொடுத்தது.

கூடை

நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தார் வந்து மட்குரம் பற்றிப் பேசியது நினைவில் இருந்தது. 1969-ல் தொடங்கி இன்று வரை பயனீட்டாளர் நலனோடு வீட்டுத் தோட்டம், இயற்கை உரம் என்று தமிழிலும் சொல்லிவரும் சங்கம். ஆனால் அவர்கள் அன்று காட்டியது மண்ணில் தோண்டிய குழி. ஒன்பதாவது மாடியில் குழிக்கு எங்கே போவது? தேடியபோது கிடைத்தது தக்காகுரா கூடை. ஜப்பானின் கித்தாக்கியூஷு நகரிலிருந்து வந்த கோஜி தக்காகுரா என்பவர் இந்தோனேசியாவின் சுராபாயாவில், வீட்டிலேயே செய்யும்படி உருவாக்கிய முறை. துணி போடும் ஓட்டைக் கூடை, உள்ளே அட்டை, அடியிலும் மேலும் உமி நிரப்பிய மெத்தை, நடுவில் நுண்ணுயிர் ஏறிய உமியும் தவிடும். தினமும் சமையல் கழிவை அதில் கிளறிவிட்டால் போதும்.

உமிக்கு நான் முதலில் பூந்தோட்டக் கடைக்குப் போய் இரண்டு மூட்டை வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் கருகிய உமி. செடி நட அது நல்லது, ஆனால் இதற்கு வேண்டியது சுடாத பச்சை உமி. செபராங் பிறையில் அரிசி ஆலைப் பக்கம் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் பச்சை உமி கொண்டுவந்து கொடுத்தார். தவிடு கோழித்தீவனக் கடையில் கிடைத்தது. நுண்ணுயிருக்கு இங்கே சந்தையில் விற்பதே போதும்: தெம்பே எனும் புளிக்க வைத்த சோயாக் கட்டி ஒரு துண்டு, தாப்பாய் எனும் புளித்த அரிசிப் பலகாரம் செய்யப் போடும் வெள்ளை ராகி வில்லை, கொஞ்சம் தயிர். இந்த ராகி கேழ்வரகு அல்ல, பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்த புளிக்க வைக்கும் வில்லை. சீனித் தண்ணீரில் இவற்றைக் கரைத்து நாலு நாள் வைத்தோம். பிறகு உமியும் தவிடும் சரிபாதி கலந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, துணி மூடி வைத்தோம். ஆறாவது நாள் மேலே வெள்ளைப் பூசணம் பஞ்சுபோல் படர்ந்தது. இட்லி மாவு புளிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. "மாவு பொங்குற மாதிரி" என்று ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வேலையைப் பிரித்தோம். மூத்தவன் கழிவை எடை போடுவான். என் மகன் மழுங்கிய கத்தியால் சிறு துண்டாக நறுக்குவான். இரண்டாம் ஆண்டுக்காரி கிளறுவாள். அவள் தம்பி சமையல் வெப்பமானியைக் குத்திச் சூடு பார்ப்பான். ஐந்து வயதுக்காரி முட்டை அட்டையைக் கிழித்துப் போடுவாள். கையுறை போட்டுத்தான் கிளற வேண்டும், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வெப்பமானி 52 பாகை காட்டியது. அன்று வீட்டு வெப்பம் 31. பையன் நம்பாமல் வெப்பமானியைத் துடைத்து மறுபடி குத்தினான். மறுபடியும் 52. கூடைக்கு மேல் கையை வைத்தால் சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் ஆவி உள்ளங்கையில் படுகிறது. அடுப்பு இல்லை, வெயில் இல்லை, கரண்ட் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சாப்பிடும்போது வரும் சூடு என்று சொன்னேன். அன்றிலிருந்து கூடைக்கு உயிர் வந்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் காலணியைக் கழற்றும் முன்பே "சூடு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அவர்களை இன்னும் அதிகமாக ஈர்த்தது வேறொன்று. வாரம் ஐந்து கிலோ போடுகிறோம், கூடையோ நிறையவே இல்லை. ஒரு மாதத்தில் ஏறக்குறைய இருபது கிலோ போயிருந்தும் அரைக் கூடைதான். "யாராவது எடுக்கிறாங்களா?" என்று இரண்டாம் ஆண்டுக்காரி சந்தேகப்பட்டு ஒரு நாள் கூடை மேல் நூல் கட்டி வைத்தாள். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். சூட்டில் அது ஆவியாகிவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்று, நாம் மூச்சு விடுவதுபோல் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. "அப்ப நம்ம தோலு காத்துல போயிடுச்சு" என்று அவளே முடித்தாள்.

ஏழாவது வாரம் கெட்டது. தீபாவளி நெருக்கம், வீடு நிறைய விருந்தாளிகள், தர்ப்பூசணித் தோல் ஒரே நாளில் மூன்று கிலோ போட்டுவிட்டோம். இரண்டாம் நாள் நாற்றம். மூன்றாம் நாள் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து நடைபாதை வரை வந்தது. கூடைக்குள் தடித்த புழுக்கள். எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார்.

"என்னம்மா இது, நெஞ்சைக் குமட்டுது. பிள்ளைங்க இருக்கிற வீட்டுல புழுவா வளக்கிற?"

"மன்னிச்சிடுங்க பாட்டி. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூத்தவன்தான் குனிந்து பார்த்து, "சூடு இல்ல ஆண்ட்டி, 34 தான்" என்றான். ஈரம் அதிகமாகி இடைவெளியெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் காற்று போகாது. காற்றுள்ள இடத்தில் வாழும் நுண்ணுயிர் அடங்கி, காற்றில்லாமல் அழுக வைக்கும் வகை எழும்பும். அதுதான் நாற்றம். கசிந்த தண்ணீரைச் சங்குப்பூ நீரில் விட்டுப் புளிப்பா என்று பார்க்கத் தம்பி முயன்றான், பழுப்பில் நிறமே தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான்.

அன்று மாலை எல்லாவற்றையும் பழைய தாளில் கொட்டிப் பரப்பினோம். கிழித்த அட்டை, காய்ந்த உமி, தேங்காய் மஞ்சி மூன்றையும் அள்ளி அள்ளிக் கலந்தோம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம் வரும் வரை கலந்தோம். இரண்டு நாளில் நாற்றம் போனது. நான்காம் நாள் 47 பாகை. புழுக்கள் தாமாக வெளியே ஊர்ந்து போய்விட்டன. அதற்குப் பிறகு தர்ப்பூசணித் தோலை நறுக்கி அரை நாள் வெயிலில் போட்டுத்தான் சேர்க்கிறோம். இறைச்சி, மீன், எலும்பு, எண்ணெய்க் குழம்பு எதுவும் கூடைக்குப் போகாது.

பாட்டிக்கு ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் கூடையைக் கொண்டுபோய்த் திறந்து காட்டினார்கள். மோந்து பார்த்து, "மழை பெஞ்ச தோட்டத்து மண்ணு வாசம்" என்றார். இளமையில் பெருநிலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். வீட்டுக் கொல்லையில் சாம்பலும் சாணமும் போட்டுக் கத்தரி நட்டதைப் பிள்ளைகளுக்கு வெகுநேரம் சொன்னார். இப்போது அவர் வீட்டுத் தேயிலைச் சக்கையும் எங்கள் கூடைக்கு வருகிறது.

கொசு

இதைக் கடைசியில் வைத்திருந்தாலும் எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். சமைத்தபின் மிஞ்சும் கங்கோங் கீரைத் தண்டு, வெங்காயத் தாள் அடி, எலுமிச்சைப்புல் இவற்றைத் தண்ணீரில் வைத்து மறுபடி துளிர்க்க வைப்பது பிள்ளைகளுக்கு எளிதான வேலை. எல்லோரும் சொல்லிக் கொடுப்பது. நாங்களும் சன்னலோரம் ஒன்பது குவளை வைத்தோம். நான்கு நாளில் கங்கோங் வெள்ளை வேர் விட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆறாவது நாள் என் மகன் கூப்பிட்டான்: "அம்மா, தண்ணி நெளியுது."

நீர்ப்பரப்பில் வாலை ஒட்டவைத்துத் தலைகீழாய்ச் சாய்ந்து தொங்கும் குட்டிப் புழுக்கள். இரண்டு குவளையில் இருந்தன. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிங்கிக் கொசுவை நானே வளர்த்து விட்டிருப்பேன். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் கட்ட வேண்டிவரும். எனக்கு அபராதம் பெரிதாகத் தெரியவில்லை, காய்ச்சல்தான் பெரிதாகத் தெரிந்தது.

தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் விளிம்புக்குச் சற்று மேலே, குவளைச் சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்தே மாதக் கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் குவளையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதார அமைச்சு சொல்லும் 'வாரம் பத்து நிமிடம்' வழக்கத்தை ஞாயிறு காலையில் பிள்ளைகளிடம் கொடுத்தேன். கைவிளக்கோடு வீடு முழுக்கத் தேடினார்கள். முதல் ஞாயிறு ஏழு இடத்தில் தண்ணீர் நின்றது: பூந்தொட்டித் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் சொட்டும் தட்டு, நீர்விசிறித் தொட்டி, பால்கனி வாளி, துடைப்பத் தொட்டி, அப்புறம் சாமி மேடையில் நான் வைத்து மறந்த செம்புத் தண்ணீர். கடைசியைக் கண்டுபிடித்தது ஐந்து வயதுக்காரி. அன்று முதல் செம்பு நீரைத் தினமும் மாற்றுகிறேன். கங்கோங்கை மண்ணுக்கு மாற்றிவிட்டோம்.

இதற்கு நான் ஒரு முறைகூட நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கைவிளக்கு அவர்கள் கையில், கண்டுபிடித்தால் பெரியவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு. அந்த உரிமையைப் பிள்ளைகள் எளிதில் விடுவதில்லை.

22 வாரத்துக்குப் பிறகு

கடைசி வாரம் மறுபடி எடை போட்டோம். லோரிக்குப் போன குப்பை 4.8 கிலோ. தொடக்கத்தில் 9.4. குறைந்த 4.6 கிலோவில் ஏறக்குறைய எல்லாமே கூடைக்குப் போனது. தட்டில் மிஞ்சும் சோறு கொஞ்சம் குறைந்திருக்கிறது, நோட்டில் எழுத வேண்டும் என்பதால். பிளாஸ்டிக் எடை முன்பு போலத்தான் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் குறைக்க முடியாது, கடையில் வாங்குவது நான். 2009-ல் திங்கட்கிழமைகளில் தொடங்கி 2011-ல் எல்லா நாளுக்கும் பினாங்கு இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தியது. பை இப்போது என் வீட்டில் குறைவுதான். ஆனால் ஒட்டுக்கடையில் தாப்பாவ் என்று வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கும் குழம்புப் பையும் மிளகாய்ச் சம்பால் பொட்டலமும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தூக்குச்சட்டி கொண்டுபோகும் பழக்கத்தை நான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டேன். பிள்ளைகள் நோட்டில் அதையும் எழுதியிருக்கிறார்கள்.

இதை வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு வாரம் எடை போடுங்கள். உங்கள் வீட்டில் கனமாக இருப்பது எதுவோ அதற்கான வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், பிள்ளை செய்யாவிட்டால் வீட்டுக்குத் தெரியும்படியான வேலையாகக் கொடுங்கள். கூடையைக் கிளறாவிட்டால் அன்றே நாறும். கொசு தேடாவிட்டால் நெளியும். எங்கள் வீட்டில் தங்கியவை இந்த இரண்டும், கருவேப்பிலைக்கு ஊற்றும் அரிசித் தண்ணீரும்தான்.

பொங்கலன்று காலை முதல் உரத்தைச் சலித்தோம். கறுப்பாக, உதிரியாக இரண்டு வாளி. ஒன்று எங்கள் தொட்டிகளுக்கு, ஒன்று பாட்டி வீட்டு துளசிக்கு. மூத்தவன் இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டான். பள்ளி முடிந்து வர நான்கு மணியாகிறது. நோட்டை இரண்டாம் ஆண்டுக்காரியிடம், இப்போது அவள் மூன்றாம் ஆண்டு, கொடுத்துவிட்டுத் தராசை எப்படி நேராகப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தான். அடுத்த பக்கத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது: "திங்கள். 720 கிராம். சூடு 49. முட்டை அட்டை தீர்ந்து போச்சு, ஆண்ட்டி வாங்கணும்."